வலது பக்கக் கதவு

"அப்பா, வலது பக்கக் கதவு சின்னதா?"

மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் இப்படிக் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. ஒரு கையில் மருந்து பாட்டில் இருந்தது. இன்னொரு கை அப்பாவின் விரலைப் பிடித்திருந்தது.

"எந்தக் கதவும்மா?"

"கார்க் கதவு. நீ மாட்டறது பெருசு, அந்த அக்கா மாட்டறது சின்னதா?"

"ரெண்டும் ஒரே அளவுதான்."

"அப்ப உனக்கு மட்டும் ஏன் அதிகச் சம்பளம்?"

அப்பா நடையை எட்டிப் போட்டார். பிறகு, "இருமல் இருக்கும்போது ரொம்பப் பேசக்கூடாது" என்றார்.

"இருமல் உனக்குத்தானே!" என்றாள் மகள்.

அது உண்மைதான். இருமல் அவருக்குத்தான்.

கார்த் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் 'இடது'. அதில் அரசியல் ஏதுமில்லை. பதினாறு வருடமாக அவர் மாட்டுவது காரின் இடது முன்கதவு. வர்ணம் பூசி முடித்த கார் உடம்பு கண்ணாடியும் இருக்கையும் இல்லாமல், வெறும் கூடாக நகர்ந்து வரும். தலைக்கு மேலே ஓடும் கொக்கி கதவைக் கொண்டுவந்து கொடுக்கும். கதவைக் கீல்களில் பொருத்தி, மேல் போல்ட், கீழ் போல்ட் இரண்டையும் முதலில் கையால் திருக வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் இறுக்கும் துப்பாக்கியை வைத்தால் 'டக்' என்று சத்தம் வரும், ஒரு பச்சை விளக்கு எரியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐம்பத்தெட்டு விநாடி. அதற்குள் அடுத்த கூடு வந்து நிற்கும்.

வலது முன்கதவை மாட்டுகிற பெண்ணுக்குப் பெயர் 'வலது'. வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு வெறும் கார் இருக்கும். அந்தக் கூட்டின் வழியாகத்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு நானூற்றுச் சொச்சம் கார் அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகும்.

அந்த 'வலது'தான் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க கார்லதானே வேலை செய்றீங்க? இங்க என்ன பண்றீங்க?" என்று மகள் கேட்டாள்.

"சாயங்காலம் மட்டும் இங்கடா கண்ணு. உங்கப்பாவுக்கு ஒரு கதவு போதும். எனக்கு ஒரு கதவும் ஒரு கல்லாவும் வேணும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை. மருந்தோடு இருமல் மிட்டாய் இரண்டைத் தன் கணக்கில் எடுத்து வைத்தாள். "அண்ணா, ராத்திரி வெந்நீர் குடிங்க. நாளைக்கு நீங்க லீவு போட்டீங்கன்னா அந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சிய அனுப்புவாங்க. எனக்குப் பேச்சுத் துணை இருக்காது."

வலதுக்குக் கிடைத்தது இடதின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தொழிற்சாலையில் அதற்கு 'இரண்டாம் கிரேடு' என்று பெயர். கடந்த ஒன்பது வருடத்தில் வேலைக்குச் சேர்ந்த நானூறு பேரும் இரண்டாம் கிரேடு. அதற்கு முன்னால் சேர்ந்த ஆயிரம் பேரும் முதல் கிரேடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை போடும் சம்பள ஒப்பந்தம் இப்போது வந்திருந்தது. அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் வேறு பேச்சே இல்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சங்கச் செயலாளர் கேன்டீன் மேசை மேல் ஏறி நின்றார். அந்தக் காலத்தில் சக்கரம் மாட்டுகிற பகுதியில் இருந்தவர். எதைச் சொன்னாலும் சக்கரத்தில் வந்துதான் முடிப்பார்.

"சம்பளத்தை ஒரு கார்னு வெச்சுக்குங்க. அது நாலு சக்கரத்துல ஓடுது. முதல் சக்கரம், நம்ம கார் எவ்வளவு விக்குதுங்கறது. போன வருஷம் நல்லா வித்துச்சு, அதனாலதான் மேனேஜர் நமக்கு பிஸ்கட்டோட டீ குடுத்தாரு. ரெண்டாவது, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஃபேக்டரி என்ன குடுக்குதுங்கறது. அங்க கூடுதலா குடுத்தா நம்ம வெல்டர் எல்லாம் பாலத்தைத் தாண்டிடுவான். மூணாவது, கடைத்தெருவுல விலை. நாலாவது, நாம. ஆயிரத்து நானூறு பேரும் ஒரே நாள்ல கையக் கட்டிக்கிட்டு நின்னா என்ன ஆகும்ங்கற பயம் அவங்களுக்கு இருக்கணும். அந்தச் சக்கரத்துல காத்து போச்சுன்னா மத்த மூணும் சும்மா."

"பிரேக் எது தலைவரே?"

"பிரேக் அவங்க காலுக்கடியில இருக்கு. புது மாடலை வேற ஃபேக்டரிக்குக் கொண்டுபோயிடுவோம்னு சொல்றாங்களே, அதான்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேன்டீனையே அதிர வைத்தது. "அப்ப ஸ்டெப்னி யாரு?"

கேட்டது 'ஹாரன்'. கார்களுக்கு ஹாரன் மாட்டுகிறவர். குரலும் அதற்கேற்றபடி.

"நீதான்யா. வருஷத்துக்கு ஒரு தடவைதான் டிக்கியிலேருந்து வெளிய வர்றே!"

மேசைகளைத் தட்டிச் சிரித்தார்கள். ஹாரனும் சிரித்தார். சிரிப்பு அடங்கும் வரை செயலாளர் காத்திருந்தார்.

"சிரிச்சாச்சா? இப்ப நிஜமான ஸ்டெப்னி யாருன்னு சொல்றேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கார் விக்கல. யார்டுல நிறுத்தின காருக்கெல்லாம் சக்கரத்துக்கடியில புல்லு முளைச்சிருந்துச்சு. ஒண்ணு ஆளைக் குறைக்கணும், இல்ல சம்பளத்தைக் குறைக்கணும்னாங்க. நாம என்ன சொன்னோம்? 'எங்களைத் தொடாதீங்க, இனிமே வர்றவங்களுக்குக் குறைச்சுக்குங்க'ன்னு சொன்னோம். இதே கேன்டீன்லதான் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். வரப்போறவங்க இங்க இல்ல, வேண்டாம்னு சொல்றதுக்கு. நம்ம வண்டி நிக்காம ஓடணும்னு அவங்களை ஸ்டெப்னியா எடுத்து மாட்டிக்கிட்டோம்."

இடது தன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவரும் கை தூக்கியிருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததால் சீக்கிரமாகவே தூக்கியிருந்தார்.

செயலாளர் விஷயத்துக்கு வந்தார். பதினான்கு கூட்டம் பேசியதில் கம்பெனி ஒரு மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. அதைப் பிரிக்க இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில் எல்லாருக்கும் நூற்றுக்கு ஒன்பது உயரும், இரண்டு கிரேடும் இப்படியே இருக்கும். இரண்டாம் வழியில் முதல் கிரேடுக்கு நான்குதான் உயரும். மிச்சமெல்லாம் இரண்டாம் கிரேடுக்குப் போகும். ஒன்றரை வருடத்தில் இரண்டு கிரேடும் ஒன்றாகிவிடும். வெள்ளிக்கிழமை ரகசிய ஓட்டு.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஹாரன், கைகழுவும் இடத்தில். "ஒன்பது பெருசா, நாலு பெருசா? எம்பையன் ரெண்டாங் கிளாஸ், அவன்கிட்ட கேட்டாலே சொல்லிடுவான். என்ன மாப்ளே?"

"ஆமாமா" என்றார் இடது.

வீட்டிலும் அதே கணக்குதான். அவர்கள் இருந்தது ஒற்றை அறை. அதில் ஒரு கட்டில், மகளின் புத்தக அலமாரி, மனைவியின் தையல் மெஷின். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். பள்ளி திறக்கும் மாதத்தில் கட்டில் முழுக்கச் சட்டைகள் படுத்துக்கொள்ளும், மனிதர்கள் தரையில் படுப்பார்கள். அடுத்த தெருவில் மாடியில் இரண்டு அறை கொண்ட வீடு ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது கிடைத்தால் அந்த வாடகை கட்டலாம். நான்கு கிடைத்தால் முடியாது.

"அந்த ஜன்னலை அளந்துட்டு வந்துட்டேன்" என்றாள் மனைவி. மெஷின் மேல் நீலப் பூப்போட்ட துணி கிடந்தது. "திரைக்கு. மெஷினை அந்த ஜன்னல்கிட்ட போட்டா பகல்ல லைட்டே வேண்டாம். ஏங்க, நிச்சயம் ஒன்பதுதானே?"

"ஓட்டு முடியட்டும்."

"எல்லாரும் ஒன்பதுக்குத்தான் போடுவாங்கன்னு ஹாரன் அண்ணன் சொன்னாராமே?"

"அவர் சொன்னா ஊருக்கே கேக்கும்."

"வலது பக்கக் கதவு சின்னதான்னு கேட்டேன். அப்பா இன்னும் பதிலே சொல்லல" என்று தரையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"வீட்டுப்பாடத்தைப் பாரு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மனைவிக்கும் தெரியாத ஒன்று இடதுக்குத் தெரியும். அது மூன்று வருடத்துக்கு முன் நடந்தது.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து கை முறிந்துவிட்டது. கதவு மாட்டும் வரிசைக்கே ஆள் வந்து தகவல் சொன்னார்கள். மாற்று ஆள் வந்தால்தான் அவர் இடத்தை விட்டு நகர முடியும். மாற்று ஆள் வர பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடமும் அவர் கைகள் தாமாகவே கதவு மாட்டின. மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆள் வந்ததும் ஓடினார்.

ராத்திரி மாவுக்கட்டோடு மகள் தூங்கிய பிறகுதான் நெஞ்சில் பளிச்சென்று பட்டது. கீழ் போல்ட்டைக் கையால் திருகியது நினைவிருக்கிறது. துப்பாக்கி வைத்தது நினைவில்லை. மேலே மட்டும் 'டக்' கேட்டது. கீழே கேட்கவில்லை. ஒரு காரில் மட்டுமில்லை, அத்தனை காரிலும். அது அப்படியே போயிருந்தால் எங்கோ ஒரு சாலையில் யாரோ ஒரு குடும்பம் அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு போகும்.

மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ச் சோதனைப் பகுதியில் கேட்டார். நேற்று வந்த கார் எல்லாம் சரியாக இருந்தது என்றார்கள். ஒன்றும் புரியாமல் தன் இடத்துக்கு வந்தார். கூட்டின் அந்தப் பக்கத்தில் வலது நின்றிருந்தாள். வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்.

"பாப்பா எப்படி இருக்கு அண்ணா?"

"நல்லா இருக்கு. நேத்து... கீழ் போல்ட்டு..."

"பதினொண்ணு" என்றாள் அவள் மெதுவாக. "உங்க பக்கம் பச்சை விளக்கு ஒண்ணுதான் எரிஞ்சுது. என் கதவை அவசரமா முடிச்சிட்டு, காருக்கு முன்னால சுத்தி ஓடி வந்து வெச்சேன். நீங்க என்னைப் பாக்கவே இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே? லைனை நிறுத்தியிருக்கலாமே?"

"லைன் நின்னா, யாரால நின்னுதுன்னு உங்க பேர் போர்டுல வரும். புள்ளை கை முறிஞ்ச அன்னைக்கு அதுவும் வேணுமா? எல்லாமே இறுக்கமா இருக்கு அண்ணா, நான் ரெண்டு தடவை பாத்தேன்."

"நான் எப்படிம்மா இதுக்கு..."

"போங்கண்ணா, கதவைப் பாருங்க. கார் நகருது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பதினொரு காருக்கு இரண்டு கதவையும் பார்த்துக்கொண்டாள், முக்கால் கதவுக்கும் குறைவான சம்பளத்தில். அவளுக்கு நன்றி சொல்ல அவர் பலமுறை முயன்றார். ஒருமுறை மகளுக்கு வாங்கியதுபோலவே ஒரு பேனா வாங்கிக்கொண்டு போனார். "எனக்கு எழுத்து வேலையே இல்லையே அண்ணா" என்று அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கேன்டீன் மூலையில் பழைய இருக்கை உறைத் துணியைக் கட்டித் திரை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் ஒரு மேசை. பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். போன ஒப்பந்தத்தின்போது ஒரே நாளில் பதினேழு பென்சில் காணாமல் போயிருந்தது. முன்கண்ணாடி வருகிற அட்டைப்பெட்டிதான் ஓட்டுப்பெட்டி.

ஹாரன் உள்ளே போய், "நான் ஒன்பதுக்குப் போட்டுட்டேன்!" என்று திரைக்குள்ளிருந்தே கத்தினார்.

"யோவ், ரகசிய ஓட்டுய்யா!" என்றார் செயலாளர்.

"எனக்கு ஏதுங்க ரகசியம்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. முதல் கிரேடு ஆட்கள் பலரும் ஒன்பது, ஒன்பது என்று விரலை மடக்கிக் காட்டிக்கொண்டே போனார்கள். இடதும் உள்ளே போய்விட்டு வெளியே வந்தார்.

"போட்டாச்சா மாப்ளே?"

"போட்டாச்சு."

சாயங்காலம் எண்ணி முடித்தார்கள். செயலாளர் மேசை மேல் ஏறினார். காகிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அறிவித்தார். முதல் வழிக்கு அறுநூற்று எண்பத்தொன்று. இரண்டாம் வழிக்கு எழுநூற்றுப் பத்தொன்பது.

பின்வரிசையில் இளவட்டங்கள் தட்டுகளில் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

"இரு, இரு, இரு" என்று ஹாரன் எழுந்தார். "ரெண்டாம் கிரேடு மொத்தமே நானூறு பேருதான். மிச்சம் முந்நூறு யாரு? எங்கிட்ட எல்லாப் பயலும் ஒன்பதுன்னுதானே சொன்னான்! நீ என்ன போட்டே?"

"ஒன்பதுதான்ணே."

"நீ?"

"ஒன்பது. எங்க வீட்டுக்காரி மேல சத்தியம்."

"உன் வீட்டுக்காரி மேல சத்தியம் பண்ணி நீ சிகரெட்டையே விட்டவனாச்சே! இப்பவும் பாக்கெட்டுல இருக்கு. மாப்ளே, நீ?"

இடதுக்கு நல்ல நேரத்தில் இருமல் வந்தது. ஹாரன் கையை விரித்தார். "அப்ப பேய் வந்து போட்டுட்டுப் போயிருக்கு. முந்நூறு பேய்!" முகத்தில் கோபத்தைக் காணோம். ஏதோ ஒரு நல்ல செய்தி காதில் விழுந்துவிட்டது போலச் சீட்டியடித்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போனார். அதைப் பார்த்த செயலாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனிதர்கள் வாய்க்கு நேர்மாறாக நல்லவர்களாக இருக்கும்போது அதைக் கிண்டிக் கிளறாமல் விடுவது ஒரு மரியாதை என்று அவர் நினைத்தார்.

வீட்டில் மனைவி செய்தியை அண்டை வீட்டிலிருந்தே கேட்டிருந்தாள். இடது தலையைக் குனிந்துகொண்டு செருப்பைக் கழற்றினார்.

"நீங்க எதுக்குப் போட்டீங்கன்னு நான் கேக்கல" என்றாள் மனைவி.

"சரி."

"கேட்டாலும் சொல்லப் போறதில்ல."

"இல்ல."

அவள் நீலப் பூத்துணியை உதறி, இருக்கிற ஒரே ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். "அட, இதுக்கும் சரியாத்தான் இருக்கு. அந்த வீட்டுல குழாய்த் தண்ணி வேற சரியா வராதாம். அடுத்த வருஷம் வேற ஒண்ணு பாப்போம். வாங்க, அந்த முனையப் பிடிங்க."

அவர் நாற்காலி மேல் ஏறிப் பிடித்தார். மகள் கீழே நின்று, "அப்பா, கோணல். வலது பக்கம் இறங்கிருக்கு. இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று உத்தரவு போட்டாள். அவர் தூக்கினார்.

திங்கட்கிழமை காலை முதல் கூடு வந்து நின்றது. அதன் வழியாக வலது எட்டிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மருந்துக்கடை முதலாளிகிட்ட சொல்லிட்டேன் அண்ணா. இன்னும் ஆறு மாசம்தான், அப்புறம் நிறுத்திக்கிறேன்னு. சாயங்காலம்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. எனக்காக முந்நூறு பேர் விட்டுக்குடுத்திருக்காங்க. யாருக்குன்னு போய் நன்றி சொல்றது? ஒருத்தர் பேராவது தெரிஞ்சா..."

"கதவைப் பாரும்மா" என்றார் அவர். "கார் நகருது."

அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள். அந்தப் பக்கம் இரண்டு முறை 'டக்' கேட்டது. இந்தப் பக்கமும் இரண்டு முறை கேட்டது.

வெள்ளிக்கிழமை அந்தத் திரைக்குப் பின்னால் அவர் நின்றது ஒரு கதவு மாட்டும் நேரம்தான். சீட்டை மேசை மேல் வைத்தார். வெளியே ஹாரன் யாரையோ கேலி செய்யும் சத்தம் கேட்டது. நீலத் துணியும், ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கும் மனைவியும் கண்முன் வந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் எல்லாரும் பார்க்க அவசரமாக உயர்ந்த தன் கையும் வந்தது. கண்ணை மூடி, "ஆண்டவா, அவளுக்கும் ஒரு ஜன்னல் கொடு, கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை" என்று மனைவிக்காக வேண்டிக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்தார். முனை மழுங்கியிருந்தது. இரண்டாவது கட்டத்தில் போட்ட கோடு மங்கலாக விழுந்தது. கீழ் போல்ட்டை இறுக்குகிறவர் போல அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்திப் போட்டார். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். சீட்டை நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டார்.